ஐம்பத்தொரு சென்ரிமீற்றர்: ஆசிய பரா ஈட்டி எறிதலில் இலங்கையின் பதிவும் யாழ்ப்பாணத்து மைதானங்களும்

2018 ஒக்டோபரில் ஜகார்த்தாவில் நடந்த, மாற்றுத்திறனாளிகளுக்கான ஆசிய பரா விளையாட்டு விழாவில், ஒரு கை பாதிக்கப்பட்ட ஆண்களுக்கான எஃப் 46 வகுப்பு ஈட்டி எறிதலில், இலங்கையின் தினேஷ் பிரியந்த ஹேரத் 61.84 மீற்றர் எறிந்து தங்கப் பதக்கம் வென்றார். இந்தியாவின் சுந்தர் சிங் குர்ஜார் 61.33 மீற்றருடன் வெள்ளியையும், அதே நாட்டின் ரிங்கு 60.92 மீற்றருடன் வெண்கலத்தையும் பெற்றார்கள். தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்தது 51 சென்ரிமீற்றர், அதாவது ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடிய தூரம்.

ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2023 ஒக்டோபர் 25 ஆம் திகதி, சீனாவின் ஹாங்சோ நகரில் அதே போட்டி நடந்தது. குர்ஜார் 68.60 மீற்றர், ரிங்கு 67.08 மீற்றர், அஜீத் சிங் 63.52 மீற்றர் என்று முதல் மூன்று இடங்களும் இந்தியாவுக்கே போயின. குர்ஜாரின் அந்த எறிதல், தினேஷ் 2021 இல் டோக்கியோ பராலிம்பிக்கில் நிலைநாட்டியிருந்த 67.79 மீற்றர் உலக சாதனையையும் அன்றே கடந்தது. ஒரு முழத்தால் முன்னே நின்ற நாடு, ஐந்தே ஆண்டுகளில் அந்த மேடையின் மூன்று படிகளில் ஒன்றிலும் இல்லை.

இந்த ஐந்தாண்டு இடைவெளியை ஒரு நிகழ்வாக எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிராந்திய விழாக்களில் இலங்கை பெற்ற பதக்கங்கள் எல்லாவற்றையும் கூட்டி ஓர் எண்ணாகச் சொல்வதைவிட, ஒரே ஒரு போட்டியை எடுத்து, அதில் நாம் எப்படி முன்னுக்கு வந்தோம், எப்படி முந்தப்பட்டோம், அந்தப் பதக்கத்தை நோக்கிய பாதை யாருக்குத் திறந்திருந்தது, யாருக்குத் திறக்கவில்லை என்று பார்த்தால் விடயம் நன்றாக விளங்கும் என்று நம்புகிறேன். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உடற்கல்வி கற்பித்தவன் என்ற வகையில், அந்தக் கடைசிக் கேள்வியே என்னை எழுத வைத்தது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையின் பதிவு உயரமானது, ஆனால் ஒடுங்கியது. அந்தப் பதிவை ஆக்கியவர்களில் மிக உயர்ந்து நின்றவர்கள் எல்லோரும் ஒரே வாசலால் உள்ளே வந்தவர்கள். அந்த வாசல் இராணுவம். யாழ்ப்பாணத்தில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கு அதற்கு ஈடான இன்னொரு வாசல் இன்றுவரை வைக்கப்படவில்லை.

விழாவின் வரலாறு

ஆசியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான பல்துறை விளையாட்டு விழா 1975 இல் ஜப்பானின் ஒயிட்டா நகரில் ஃபெஸ்பிக் என்ற பெயரில் தொடங்கியது. தூரகிழக்கு, தென் பசிபிக் நாடுகளுக்கான அந்த விழாவுக்கு வித்திட்டவர் யுத்தாக்கா நாக்காமுரா என்ற எலும்பியல் மருத்துவர். 1960 இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் வைத்தியசாலைக்குப் போய், முள்ளந்தண்டு காயமடைந்தவர்களை விளையாட்டின் மூலம் மீட்டெடுக்கும் முறையை அங்கே கற்றுத் திரும்பியவர் அவர். 1965 இல் பெப்பு நகரில் மாற்றுத்திறனாளிகளுக்கான தொழிலகம் ஒன்றையும் அவர் நிறுவினார் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும், ஏனெனில் விளையாட்டும் பிழைப்பும் பிரிக்க முடியாதவை என்பதை அவர் ஆரம்பத்திலேயே கண்டிருந்தார். 2006 இல் கோலாலம்பூரில் நடந்தது கடைசி ஃபெஸ்பிக் விழா. அதன்பின் 2010 இல் குவாங்சோ, 2014 இல் இன்சியோன், 2018 இல் ஜகார்த்தா என்று ஆசிய பரா விழா தொடர்ந்தது. 2022 இல் நடக்க வேண்டிய ஹாங்சோ விழா ஓராண்டு தள்ளிப்போய் 2023 இல் நடந்தது.

மூன்று பேர், ஐந்து பதக்கங்கள்

இலங்கை முதன்முதலாகப் பராலிம்பிக்கில் பங்கேற்றது 1996 இல், அட்லாண்டாவில். முதற் பதக்கத்துக்கு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லண்டனில் பிரதீப் சஞ்சய, ஒரு கை பாதிக்கப்பட்டவர்களுக்கான ரீ 46 வகுப்பு 400 மீற்றர் ஓட்டத்தை 49.28 செக்கன்களில் முடித்து வெண்கலம் வென்றார். 2016 இல் ரியோவில் தினேஷ் பிரியந்த 58.23 மீற்றர் எறிந்து வெண்கலம் பெற்றார். 2021 ஓகஸ்ட் 30 ஆம் திகதி டோக்கியோவில் ஒரே நாளில் இரண்டு பதக்கங்கள் கிடைத்தன. தினேஷ் 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு தங்கம் வென்றார், காலில் பாதிப்புள்ளவர்கள் நின்று எறியும் எஃப் 64 போட்டியில் துலான் கொடித்துவக்கு 65.61 மீற்றருடன் வெண்கலம் வென்றார். 2024 இல் பாரிஸில் அதே துலான் 67.03 மீற்றர் எறிந்து வெள்ளி பெற்றார், அது, அதே போட்டியில் சேர்ந்து எறியும் எஃப் 44 வகுப்பின் உலக சாதனையாகவும் அமைந்தது.

ஆக ஐந்து பதக்கங்கள். ஐந்தையும் வென்றவர்கள் மூன்றே பேர். மூவரும் ஆண்கள், மூவரும் இராணுவத்தினர். ஐந்தில் நான்கு ஈட்டி எறிதலில் வந்தவை. எல்லாமே நின்றோ ஓடியோ செய்யும் வகுப்புகளில் வந்தவை. சக்கர நாற்காலியில் இருந்தவர் ஒருவரும் இதில் இல்லை, பார்வையற்றவர் ஒருவரும் இல்லை, பெண் ஒருவரும் இல்லை. ஆசிய விழாக்களில் இலங்கைப் பெண்களும் பதக்கம் பெற்றிருக்கிறார்கள் என்பதையும், அங்கே எங்கள் அணி இதைவிடக் கொஞ்சம் அகலமானது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனாலும் உச்சிக்குப் போகும் பாதை எது என்பதை இந்த ஐந்து பதக்கங்களும் ஒளிவுமறைவின்றிக் காட்டுகின்றன.

அந்தப் பாதை எப்படி அமைந்தது என்பதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. தினேஷ் 2008 இல் கிளிநொச்சிப் போர்முனையில் இடக்கையில் சுடப்பட்டவர். காயமடைந்த சிப்பாய்க்குச் சம்பளம் நிற்பதில்லை. உடற்பயிற்சிச் சிகிச்சை கிடைக்கிறது, மைதானமும் பயிற்றுநரும் கிடைக்கின்றன, பயிற்சிக்கும் போட்டிக்கும் விடுப்பு கிடைக்கிறது, தன்னைப் போன்ற வேறு பலரோடு போட்டியிட இராணுவத்துக்குள்ளேயே பரா விளையாட்டு விழா இருக்கிறது. ஒரு வீரரை உலகத்தரத்துக்குக் கொண்டுபோக எட்டுப் பத்து ஆண்டுகள் பிடிக்கும், அந்த ஆண்டுகள் முழுவதும் அவருடைய வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். இராணுவம் அதைச் செய்தது. இதைச் சொல்வது தினேஷின் பதக்கத்தைக் குறைப்பதற்காக அல்ல. ஒரு கையின் துணையில்லாமல் 67 மீற்றருக்கு மேல் எறிவது எவ்வளவு கடினம் என்பதை ஈட்டியைக் கையில் பிடித்துப் பார்த்தவன் அறிவான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் போனால் முகமாலை, பளை, ஆனையிறவு, பரந்தன் தாண்டிக் கிளிநொச்சி வரும். தினேஷின் கை காயப்பட்ட அந்த நிலத்தில், அந்த மாதங்களிலும் அதைத் தொடர்ந்த மாதங்களிலும், கையையும் காலையும் இழந்த பொதுமக்களும் இருந்தார்கள். அவர்களில் பதின்ம வயதினரும் இருந்தார்கள். ஒரே போரில் ஒரே வகையான காயம் பட்ட இருவரில் ஒருவருக்கு மட்டும் மைதானத்துக்கு வழி இருந்தது. இலங்கையின் பரா விளையாட்டுப் பதிவை ஆராய்கிற எவரும் இந்த இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

இல்லாத கையின் வேலை

எஃப் 46 என்பது ஒரு கை பாதிக்கப்பட்டு, நின்று எறிபவர்களுக்கான வகுப்பு. எஃப் என்ற எழுத்து எறிதல் போட்டிகளையும், ரீ என்ற எழுத்து ஓட்டம், பாய்தல் போட்டிகளையும் குறிக்கும். கை துண்டிக்கப்பட்டவரும், கை இருந்தும் நரம்புச் சேதத்தால் அதை இயக்க முடியாதவரும் இந்த வகுப்பில் ஒன்றாக எறிவார்கள். ஆண்களுக்கான ஈட்டியின் நிறை 800 கிராம், அதாவது ஒலிம்பிக்கில் எறியும் அதே ஈட்டி. வெளியிலிருந்து பார்ப்பவர்கள், எறிகிற கைதான் நன்றாக இருக்கிறதே, பிறகென்ன குறை என்று கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்குப் பதிலை நான் ஒரு மாணவனிடமிருந்துதான் கற்றேன்.

பிறப்பிலேயே இடக்கை முழங்கைக்குக் கீழே வளராத பையன் அவன். பாடசாலையில் ஈட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் முனை வளைந்தது. வேலிக்கு வெட்டிய கிளுவங் கதியாலில் நேரானதாக ஒன்றைத் தெரிந்து, தோலை உரித்து, அதைக்கொண்டுதான் பழகினான். தோள்வலிமை அவனுக்கு இயல்பாக இருந்தது. ஆனால் எறியும் ஒவ்வொரு முறையும் தடி இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு, முனை மேலே கிளம்பி, தூரம் போகாமல் விழும். நான் வலக்கையைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாலை அவன் சொன்னான்: "சேர், வலக்கை சரியாத்தான் எறியுது. இல்லாத கைதான் பிழை விடுது."

அவன் சொன்னதுதான் சரி. ஈட்டி எறிபவர் கடைசிக் காலடிகளைக் குறுக்காக வைக்கும்போது, எறியாத கையை முன்னே நீட்டி நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்திருப்பார். அந்தக் கையின் பாரமே இடத்தோளை மூடி வைத்திருக்கும். இடக்கால் ஊன்றும் கணத்தில் அந்தக் கை விலாவோடு மடங்கி இறுகும்போது நெஞ்சு வில்லாகத் திறந்து, உடலின் விசை முழுவதும் வலத்தோளுக்குப் பாயும். முன்கை இல்லாதவருக்கு மூடி வைக்கும் பாரமும் இல்லை, இறுக்கிப் பிடிக்கும் கடிவாளமும் இல்லை. தோள் நேரத்துக்கு முன்னரே திறந்துவிடும். அரைக் கிலோ மணல் நிரப்பிய துணிப்பை ஒன்றைத் தைத்து அவனுடைய இட மேற்கையில் கட்டி, பயிற்சியின்போது அந்தப் பாரத்தை விலாவோடு அடிக்கப் பழக்கினோம். ஓட்டத்தையும் பதினொரு காலடியிலிருந்து ஏழாகக் குறைத்தோம். இரண்டு மாதத்தில் கதியால் நேராகப் பறக்கத் தொடங்கியது. உலகத்தர எறிவீரர்கள் இதையே பல ஆண்டுகளாக, முதுகுத் தசைகளையும் ஊன்றும் காலையும் வலுப்படுத்தி, எங்கள் மணற்பையைவிட எவ்வளவோ நுட்பமாகச் செய்கிறார்கள். தினேஷுக்கும் குர்ஜாருக்கும் இடையிலிருந்த அந்த 51 சென்ரிமீற்றர், பெரும்பாலும் இல்லாத கையை யார் நன்றாக வேலை செய்ய வைத்தார் என்பதில்தான் தங்கியிருந்திருக்கும்.

அந்த மாணவனை ஒரு போட்டிக்குக் கூட்டிச் சென்றேன். நடத்தியவர்களின் பெயர் இங்கே தேவையில்லை. வகுப்புப் பிரித்தல் என்ற பேச்சே அங்கே இருக்கவில்லை. காலில் போலியோ பாதிப்புள்ள ஒருவரையும், காது கேளாத இருவரையும், இவனையும் ஒரே வரிசையில் நிறுத்தி எறிய விட்டார்கள். காது கேளாத மாணவர் ஒருவர் வென்றார், அவருடைய வெற்றியில் பிழையில்லை. பிழை போட்டியை அமைத்த விதத்தில் இருந்தது. சான்றிதழில் தூரம் எழுதப்படவில்லை, வகுப்பும் எழுதப்படவில்லை, ஆகவே அந்தத் தாளை வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போக எவராலும் முடியாது. சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு அவன் உறவினரின் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். குறைந்தபட்சம் அந்தத் தூரத்தையாவது நான் கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

வகுப்புப் பிரித்தல் என்பது பரா விளையாட்டின் அலங்காரம் அல்ல, அதன் அத்திவாரம். எந்த வகைப் பாதிப்பு, எவ்வளவு பாதிப்பு என்பதை மருத்துவ ஆவணத்தோடும் நேரடிப் பரிசோதனையோடும் ஒரு நடுவர் குழு தீர்மானிக்காமல் ஒருவர் சர்வதேசப் போட்டியில் இறங்க முடியாது. இறங்கி வென்ற பின்னரும் பதக்கம் பறிபோகலாம். டோக்கியோவில் தட்டெறிதலில் வெண்கலம் பெற்ற இந்திய வீரர் ஒருவர், அவர் போட்டியிட்ட எஃப் 52 வகுப்புக்குத் தகுதியற்றவர் என்று முடிவாகி, பதக்கத்தை இழந்தார். எல்லாம் அறிந்த நாட்டுக்கே இப்படி நேர்கிறதென்றால், வகுப்பு என்ற சொல்லையே கேள்விப்படாமல் வளரும் ஒரு கிராமத்து மாணவனின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

இந்தியா செய்தது

2010 குவாங்சோ விழாவில் இந்தியா பெற்றவை 14 பதக்கங்கள். 2014 இல் 33, 2018 இல் 72, 2023 இல் 111. இந்தியாவின் மக்கள்தொகையைக் காட்டி இதை விளக்கிவிடலாம் என்று எண்ணுபவர்கள், 2010 இலும் அந்த நாட்டில் நூறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மாறியது மக்களின் தொகை அல்ல, பாதைகளின் தொகை.

ஹாங்சோவின் எஃப் 46 மேடையில் நின்ற மூவரையும் எடுத்துக்கொள்வோம். குர்ஜார் 2015 இல் தகரத் தகடு விழுந்து இடக்கையை இழந்தவர். ரிங்கு சிறு குழந்தையாக இருந்தபோது வயல் இயந்திரத்தில் சிக்கிக் கையை இழந்தவர். அஜீத் சிங் 2017 இல் புகையிரத விபத்தில் கையை இழந்தவர். மூன்றும் அன்றாட வாழ்வில் நேர்ந்த விபத்துகள். மூவரும் பொதுமக்கள். அவர்களுக்கு முன்னே தேவேந்திர ஜஜாரியா என்ற ஒருவர் 2004 இல் ஏதென்ஸிலும் 2016 இல் ரியோவிலும் இதே போட்டியில் தங்கம் வென்று வழி காட்டியிருந்தார். 2008, 2012 பராலிம்பிக் நிரல்களில் இந்தப் போட்டி இடம்பெறவில்லை, அவர் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். 2014 இல் இந்திய அரசு தொடங்கிய ஒலிம்பிக் இலக்குத் திட்டத்தில் பரா வீரர்களும் சேர்க்கப்பட்டு, அவர்களுக்கு மாதாந்த உதவித்தொகையும் பயிற்சிச் செலவும் கிடைத்தன. எங்கள் நாட்டில் இராணுவம் தன் சிப்பாய்க்குச் செய்ததை, அங்கே அரசு தன் குடிமக்களுக்குச் செய்தது. 2017 உலக பரா மெய்வல்லுநர் சம்பியன்ஷிப் தொடரிலும் 2019 தொடரிலும் குர்ஜார் தங்கமும் தினேஷ் வெள்ளியும் பெற்றார்கள். ஆகவே ஜகார்த்தாவின் தங்கமும் டோக்கியோவின் தங்கமும் சமமான இருவரின் நீண்ட பந்தயத்தில் தினேஷ் தன் திறமையால் பறித்தெடுத்த வெற்றிகள். அவருக்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது இலங்கையர் நிற்கவில்லை. குர்ஜாருக்குப் பின்னால் ரிங்குவும் அஜீத்தும் நின்றார்கள். ஹாங்சோவில் தெரிந்தது அந்த வேறுபாடுதான். அதே நாளில் எஃப் 64 போட்டியில் துலான் வெள்ளி வென்றதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், அங்கேயும் சுமித் அந்தில் 73.29 மீற்றர் என்ற உலக சாதனையோடு முன்னே நின்றார்.

பாக்கு நீரிணைக்கு அக்கரையிலிருந்து வந்த செய்திகளும் எங்களைச் சிந்திக்க வைக்க வேண்டும். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு உயரம் பாய்தலில் ரியோவில் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், பாரிஸில் வெண்கலமும் வென்றவர். ஜகார்த்தாவில் வெண்கலம், ஹாங்சோவில் வெள்ளி என்று ஆசிய விழாக்களிலும் அவர் பெயர் இருக்கிறது. காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் ஹாங்சோவில் பெண்களுக்கான பட்மின்டனில், கையில் பாதிப்புள்ளவர்கள் ஆடும் எஸ்யூ 5 வகுப்பில் தங்கம் வென்று, அடுத்த ஆண்டு பாரிஸில் வெள்ளியும் பெற்றார். அந்தச் செய்தி வந்த நாளில், எங்கள் பக்கத்தில் பட்மின்டன் மட்டை பிடித்த, ஒரு கை இயங்காத பெண் பிள்ளை ஒருத்தியையாவது எனக்குத் தெரியுமா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருப்பதும் இல்லாததும்

யாழ்ப்பாணத்தில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பொய். 1987 முதல் இங்கே ஜெய்ப்பூர் செயற்கைக் கால் நிலையம் இயங்கிவருகிறது. 1960களின் கடைசியில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேத்தி என்ற மருத்துவரும் சேர்ந்து ஆக்கிய அந்த இறப்பர் பாதம், வெறுங்காலோடு நடக்கவும், சப்பாணி கட்டி இருக்கவும், வயலுக்குள் இறங்கவும் ஏற்றது. போர்க்காலத்தில் மிதிவெடியால் காலிழந்த எத்தனையோ பேரை மீண்டும் நடக்க வைத்தது அது. ஆனால் நடப்பதற்குச் செய்த காலும் ஓடுவதற்குச் செய்த காலும் ஒன்றல்ல. ஓடும் கால் கரிநார்த் தகட்டில் வளைத்துச் செய்யப்படுவது, மிதிக்கும்போது வளைந்து, விடும்போது உந்தித் தள்ளுவது. அதன் விலை ஒரு கூலிக் குடும்பம் எட்டிப் பார்க்கக்கூடியதல்ல. எங்கள் பொய்க்காலோடு ஓடப் பழகிய ஓர் இளைஞன், மூன்றாவது நாள் கால் எச்சத்தின் தோல் உரிந்து புண்ணாகி, ஒரு மாதம் நடக்கவும் முடியாமல் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கைதடியில் காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்கான நவீல்ட் பாடசாலை இருக்கிறது. சுன்னாகத்தில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு வாழ்வகம் இருக்கிறது. இங்கே பலர் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆசிய பரா விழாவிலும் பராலிம்பிக்கிலும் காது கேளாதவர்களுக்கு இடமில்லை. அவர்களுக்கென்று 1924 இல் பாரிஸில் தொடங்கிய தனி உலக விழா இருக்கிறது. அதனால் காது கேளாத மாணவரையும் பார்வையற்ற மாணவரையும் ஒரே திட்டத்தில் போட்டுப் பயிற்றினால், இருவருமே எங்கும் போய்ச்சேர மாட்டார்கள். பார்வையற்ற ஓட்டவீரருக்குத் தேவை கையில் கயிறு கட்டிக்கொண்டு கூட ஓடும் ஒரு வழிகாட்டி. அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், மாலையில் ஒரு மணி நேரம் தரக்கூடிய, அவரைவிட வேகமாக ஓடக்கூடிய ஓர் இளைஞன் போதும்.

சட்டங்களுக்கும் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைப் பாதுகாப்புக்கான 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது. அவர்களுடைய உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோருக்கு ஏதோவொரு செயற்பாட்டுச் சிரமம் இருந்தது.

போரில் அடிபட்ட சமூகம் ஒன்று என்ன செய்யலாம் என்பதற்கு ஆசியாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஈரான், ஈராக்குடனான எட்டாண்டுப் போர் முடிந்த 1988 இலேயே, தரையில் அமர்ந்தபடி விளையாடும் கரப்பந்தில் பராலிம்பிக் தங்கம் வென்றது, 2024 வரை மொத்தம் எட்டுத் தங்கங்கள் பெற்றுவிட்டது. அந்த விளையாட்டுக்குத் தேவை 10 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமுமான ஒரு வழுவழுப்பான தரையும், தாழ்ந்த ஒரு வலையும்தான். கரப்பந்தை உயிராக நேசிக்கும் வடக்கில், ஊருக்கு ஊர் விளக்கு வெளிச்சத்தில் விடியும்வரை சுற்றுப்போட்டி நடத்தும் கழகங்கள் நிறைந்த இந்த மண்ணில், காலிழந்தவர்களுக்கென ஒரு தொடர் இல்லாதது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

ஒரு கதிரையும் ஒரு படிவமும்

செலவு குறைந்த வழி ஒன்றை நாங்கள் முயன்று பார்த்தோம். எஃப் 51 முதல் எஃப் 57 வரையான வகுப்புகள் இருந்தபடி எறிபவர்களுக்கானவை. அவர்கள் எறியும் சட்டகக் கதிரையின் இருக்கை, மெத்தையோடு சேர்த்து 75 சென்ரிமீற்றருக்கு மேல் உயரக் கூடாது, முன்பக்கம் சரியக் கூடாது. எறியாத கை பிடித்துக்கொள்ள ஒரு நேரான கம்பி பொருத்தலாம். எறியும் கணம் முழுவதும் இருக்கையைவிட்டு எழும்பக் கூடாது. இந்த அளவுகளை ஒரு கொப்பித் தாளில் கீறிக்கொண்டுபோய் எங்களூர் வெல்டிங் கடையில் கொடுத்தோம். பழைய கட்டிலின் குழாய்களை வெட்டி நான்கு நாளில் செய்து தந்தார். நிலத்தோடு இறுக்குவதற்கு லொறியில் பாரம் கட்டும் பட்டிகள் நான்கை வாங்கி, மூலைக்கொன்றாக இரும்பு முளைகளை அடித்தோம்.

முதல் நாள் எறிந்தவர் வடமராட்சியைச் சேர்ந்த, முள்ளந்தண்டு காயத்தால் இரண்டு கால்களும் இயங்காத ஒரு பெண். பெண்களுக்கான 3 கிலோ குண்டை அவர் நான்காவது தடவை எறிந்தபோது செம்மண் இளகி வலப்பின் முளை கிளம்பி, கதிரை சரிந்தது. பிடித்துக்கொண்டோம். அடுத்த கிழமை முழ நீளத்துக்கு முளைகளை வெட்டி, சாய்வாக அடித்து, சுற்றிவரத் தண்ணீர் ஊற்றி இடித்து இறுக்கினோம். பிறகு கதிரை அசையவில்லை. கம்பியை இடக்கையால் இறுக்கி, முதுகைப் பின்னே சாய்த்து, ஒரு மூச்சில் முன்னே வந்து அவர் எறிந்த விதத்தைப் பார்த்தபோது, இவருக்குக் கற்பிக்க என்னிடம் இருப்பதைவிட இவரிடமிருந்து நான் கற்க வேண்டியது கூட என்று தெரிந்தது. அவர் எறிந்த தூரத்தைத் திகதியோடு, குண்டின் நிறையோடு, கதிரையின் உயரத்தோடு ஒவ்வொரு முறையும் கொப்பியில் எழுதி வருகிறோம்.

இனி வேண்டியது வகுப்புப் பிரித்தல். அதற்கு மருத்துவ நோயறிப் படிவம் ஆங்கிலத்தில் நிரப்பப்பட்டு, பதிவுபெற்ற மருத்துவரின் கையொப்பத்தோடு போக வேண்டும். முள்ளந்தண்டு எந்த மட்டத்தில் பாதிக்கப்பட்டது, தண்டுவடம் முற்றாகச் சேதமானதா, பகுதியாகவா, வயிற்றுத் தசைகள் இயங்குகின்றனவா என்பவற்றைப் பொறுத்தே அவர் எந்த வகுப்பு என்பது தீரும். அவர் தன் ஆவணங்களையெல்லாம் பொலித்தீன் உறையில் போட்டுக் கொண்டுவந்தார். பழைய எக்ஸ்ரே படங்கள், நிறம் மங்கிய கிளினிக் அட்டைகள், இடம்பெயர்ந்த முகாமில் யாரோ ஒரு மருத்துவர் பென்சிலால் எழுதிக் கொடுத்த ஒரு துண்டு. காயம்பட்ட நாளுக்குரிய ஆவணம் மட்டும் அதில் இல்லை. அது எரிந்துபோன ஒரு வைத்தியசாலையோடு போய்விட்டது.

"சேர், இது இல்லாட்டி எனக்கு வகுப்பு தரமாட்டினமோ?" என்று கேட்டார்.

"பிள்ளை, புதுசா ஸ்கான் எடுத்தா அதுவே போதும். எடுக்க வைப்பம்" என்றேன்.

ஸ்கானுக்குத் திகதி தந்திருக்கிறார்கள். அதுவரை செவ்வாயும் சனியும் மாலை நாலரைக்கு அவர் ஓட்டோவில் வந்து இறங்குகிறார், நாங்கள் முளைகளை அடித்து வைத்திருக்கிறோம்.